தெராங் புலான்

தெராங் புலான், பேராக் மாநில அரச கீதத்தின் மெட்டில் அமைந்த மலாய்க் காதல் பாட்டு. சுவிங் இசை உலகெங்கும் கோலோச்சிய 1930களில் மலாயாவின் கேபரே மண்டபங்களில் இதற்கு ஜோடி ஜோடியாக ஆடினார்கள். இன்று இந்த மெட்டு மலேசியாவின் தேசிய கீதம்.

மெட்டின் பிறப்பு கடலுக்கு அப்பால். 1875இல் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பேராக் சுல்தான் அப்துல்லா 1877இல் சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு புழங்கிய 'லா ரோசலி' என்ற பிரெஞ்சுப் பாட்டு அவர் குடும்பத்தார் வாயிலாகப் பேராக் வந்தது என்பர். பின்னாளில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இங்கிலாந்து சென்றபோது, 'உங்கள் மாநில கீதம் எது?' என்று கேட்டவர்களுக்கு உதவியாளர் ஒருவர் இந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டியதாக ஒரு கதை உண்டு. கதையில் ஆளும் ஆண்டும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். சீசெல்ஸ் மட்டும் மாறுவதில்லை.

அரண்மனை மெட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தவை பங்சாவான் நாடகக் குழுக்கள். அங்கிருந்து கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போயிற்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயப் பணம் புழங்கிய ஈப்போவில் அப்படியொரு இடம் ஜூபிலி பார்க். இத்தகைய பூங்காக்களின் நடன மேடைகளில் சாக்சபோனும் டிரம்பெட்டும் வாசித்தவர்களில் பலர் பிலிப்பினோக்கள். மேற்கத்திய ஃபாக்ஸ்டிராட்டையும் மலாய் ரொங்கெங்கையும் ஒரே இரவில் வாசித்த அவர்களே இந்நாட்டு ஜாஸின் முன்னோடிகள். ஆனால் ஊரில் இத்தகைய இசைக்கலைஞர்களுக்கு மதிப்பு இருக்கவில்லை. மலாய்த் திரைக்கலைஞர் பி. ராம்லியின் 'இபு மெர்துவாகூ' (1962) படத்தில் சாக்சபோன் கலைஞனைப் பணக்கார மாமியார் படுத்தும் பாடு, அந்த அவமதிப்பின் மிக நேர்மையான பதிவு.

1937இல் டச்சுக் கிழக்கிந்தியாவில் பாட்டின் பெயரிலேயே எடுக்கப்பட்ட 'தெராங் புலான்' திரைப்படம் மலாயாவிலும் வசூலை அள்ளியது. 1947இல் லண்டனில் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாயியன் செரனேடர்ஸ் குழு இம்மெட்டை 'மமுலா மூன்' என்ற பெயரில் இசைத்தட்டாக்கியது. (இவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசைமேதை அல்லர்.)

மலாயாவின் விடுதலையை ஒட்டித் தேசிய கீதத்துக்காக உலகப் போட்டி நடந்தது. பெஞ்சமின் பிரிட்டன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடமும் கேட்கப்பட்டது. எதுவும் நிறைவு தரவில்லை. 1957 ஆகஸ்டில் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராக் கீதத்தின் மெட்டைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் ஏற்கெனவே பாடிப் பழகிய மெட்டு என்பதால் அது சரியான தேர்வே. அதன்பின் அதைக் கேளிக்கைப் பாட்டாக வாசிப்பது தடைசெய்யப்பட்டது; நடன மேடையிலிருந்து தெராங் புலான் மறைந்தது. அந்த மெட்டு, ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சபைக்கூடலில் பிள்ளைகள் அசையாமல் நின்று பாடும் தேசிய கீதமான 'நெகாராகூ' ஆயிற்று.

1990களில் அணிவகுப்பு வேகத்துக்கு மாற்றப்பட்ட கீதம், 2003இல் பழைய நிதான நடைக்கே திரும்பியது. பேராக் மாநில கீதமும் இன்றுவரை இதே மெட்டில்தான் இசைக்கப்படுகிறது.