நியர், நியர்பை, நெக்ஸ்ட்

திருகோணமலைக் கடற்கரையில் கடை எங்கே என்று வெள்ளைக்காரர் கேட்டால், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பலர் 'நியர்பை த பீச்' என்றுவிடுகிறார்கள். அது பிழை. 'நியர்' தனக்குப் பின்னால் ஓர் இடத்தைக் கேட்கும்: 'நியர் த பீச்'. 'நியர்பை' கேட்காது: 'தேர் இஸ் எ ஷாப் நியர்பை'. நம் 'கிட்ட' இரண்டு வேலையையும் தனியாளாகவே பார்க்கிறது. 'கடலுக்குக் கிட்ட' என்கிறோம், 'கிட்ட ஒரு கடை இருக்கு' என்றும் சொல்கிறோம். தடுமாற்றத்தின் வேர் அதுதான்.

'நியர்' பிறந்த கதை வேடிக்கையானது. பழைய ஆங்கிலத்தில் 'கிட்ட' என்பதற்கு இருந்த சொல்லே இன்றைய 'நை'. அதன் ஒப்பீட்டு வடிவம் 'நியர்', அதாவது 'இன்னும் கிட்ட'. 'எல்லாவற்றிலும் கிட்ட' என்ற உச்ச வடிவம் 'நெக்ஸ்ட்'. காலப்போக்கில் 'நியர்' அடிச்சொல்லாகிவிட, அதன் தலையில் இன்னொரு ஒப்பீட்டை ஏற்றி 'நியரர்' என்றார்கள்! 'நெய்பர்' என்பதும் இந்தக் குடும்பம்தான்: கிட்டக் குடியிருப்பவர், நம் அண்டை வீட்டார். 'நெக்ஸ்ட் டு' என்றால் இடையில் வேறொன்றும் இருக்கக்கூடாது. 'நியர்' அவ்வளவு கறார் இல்லை.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் துறைமுகத்துக்கு 'நியர்'. கோணேசர் கோயில் பிரெட்ரிக் கோட்டைக்கு 'நியர்' அல்ல, 'இன்சைட்'. கோட்டை வாசலைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். புறாத்தீவை 'நியர் நிலாவெளி' என்றாலும் குற்றமில்லை. ஆனால் 'ஆஃப் நிலாவெளி' என்றால்தான் படகு பிடிக்க வேண்டும் என்பது கேட்பவருக்குப் புரியும்.