பகாவ் தோட்டத் தமிழரின் பெயர்முறையும் வம்சாவளித் தேடலும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டார ரப்பர் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் நிலையான குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரே பிள்ளைக்கு அடையாளம். அடையாள அட்டையில் இரண்டு பெயர்களுக்கும் இடையே மகனுக்கு 'அனாக் லெலாக்கி', மகளுக்கு 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கம் வரும். முனியாண்டியின் மகன் ராமசாமி, அவர் மகன் சேகர் என்றால், சேகரின் பிள்ளைகள் பெயரில் முனியாண்டிக்கு இடமில்லை.

முன்னோரைத் தேடுவோர் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குவது வழக்கம். அங்கேயே சிக்கலும் தொடங்கும். காதில் விழுந்தபடி எழுதப்பட்டதால், உடன்பிறந்தோரின் சான்றிதழ்களில்கூடத் தந்தையின் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கக்கூடும். பேரப்பிள்ளைகள் கேள்விப்படாத சாதிப் பட்டம் ஒன்று தாத்தாவின் பெயரோடு ஒட்டியிருப்பதும் உண்டு. வீட்டில் தமிழே பேசும் குடும்பத்தின் மூதாதையர் தெலுங்கராக இருந்ததும் இப்படித் தெரியவரலாம்.

பெயரைவிட ஊரே நல்ல தடயம். 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை, தோட்ட மேற்பார்வையாளர்களான கங்காணிகள் தம் சொந்த ஊரிலும் உறவிலும் தோட்ட வேலைக்கு ஆள் திரட்டினர். ஆகவே பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) குடும்பத்தின் பூர்வீகமும் துப்புத் தரும். ஆனால் வீட்டில் 'திருச்சி' என்று சொல்லப்படுவது நகரமாகவே இருக்க வேண்டியதில்லை. அன்றைய திருச்சி மாவட்டத்தில் இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் பகுதிகளும் அடங்கியிருந்தன.

1942–43இல் ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசென்ற மலாயாத் தமிழர் பலர் திரும்பவில்லை. அத்தகைய குடும்பங்களில் வழிவழிச் செய்தியும் பெரும்பாலும் அங்கேயே அறுந்துவிடுகிறது.