பயிற்சி மருத்துவர்களுக்கான தலைமைத்துவக் கல்வி (பிரிட்டன்)

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் பயிற்சிக் காலத்திலுள்ள மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் குழுவை நடத்தவும், குறை கண்டால் வாய்திறக்கவும், சேவையைச் சீர்செய்யவும் கற்றுத்தரும் ஏற்பாடு. நாளைய நிர்வாகிகளை உருவாக்குவதற்கு என்று இதைச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான்; தலைமை பயிற்சிக் காலத்திலேயே தேவைப்படுகிறது. நள்ளிரவில் வார்டில் ஒருவரின் இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை யார் அழுத்துவது, மருந்தை யார் ஏற்றுவது என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு பயிற்சி மருத்துவரே. மூத்த நிபுணர் அந்நேரம் வீட்டில் இருப்பார்.

இக்கல்விக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தைகள் இதய அறுவை சிகிச்சைகளை இயன் கென்னடி தலைமையிலான ஆணையம் விசாரித்தது. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் அங்கிருந்த குறைகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்தும், மேலே இருந்தவர்கள் செவிசாய்க்கவில்லை. ஆணையத்தின் அறிக்கை 2001இல் வந்தது. அடுத்தது ஸ்டாஃபர்ட் மருத்துவமனை. நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அவலத்தை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ், 2013இல் 290 பரிந்துரைகளை முன்வைத்தார். மற்றவர்களுக்குப் பழகிப்போன தவறுகளும் புதிதாக வந்து சேரும் பயிற்சி மருத்துவரின் கண்ணுக்குத் தவறாகவே தெரியும். அந்தப் பார்வையை மருத்துவமனைகள் பயன்படுத்த வேண்டும் என்பதும் அவ்விசாரணை உணர்த்திய பாடம்.

இதற்கிடையே, 2008இல் மருத்துவத் தலைமைத்துவத் திறன்களுக்கான சட்டகம் வெளியானது. தன்னை அறிதல், பிறரோடு இணைந்து உழைத்தல், சேவையை நிர்வகித்தல், அதை மேம்படுத்தல், திசை வகுத்தல் என அது ஐந்து களங்களைக் குறித்தது. தலைமைப் பொறுப்பு எல்லா மருத்துவருக்கும் உரியது என்று மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவ மன்றம் 2012இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பல் மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் மன்றமும் பட்டப்படிப்பு முடிப்போர் பெற்றிருக்க வேண்டிய திறன்களில் நிர்வாகத்தையும் தலைமைத்துவத்தையும் ஒரு களமாக வைத்தது. பல் மருத்துவருக்கு இது இன்னும் அவசரத் தேவை எனலாம்: ஓராண்டு அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் அவர் சிறிய கிளினிக் ஒன்றில் செவிலி, வரவேற்பாளர், வரவு செலவு எல்லாவற்றுக்கும் நடுவே நிற்கிறார்.

தலைமைத்துவத்தைக் கற்க, வகுப்புகளைவிட வார்டில் செய்யும் சேவை மேம்பாட்டுப் பணியே முதன்மையான வழி. ஆர்வமுள்ள சிலர் சிகிச்சைப் பணியிலிருந்து ஓராண்டு விலகி, தேசிய அமைப்புகளில் மூத்த தலைவர்களின் கீழ்ப் பணிபுரியும் உதவித்தொகைத் திட்டங்களில் சேர்கிறார்கள்.

ஏட்டில் எல்லாம் சரி; இடறுவது கால அட்டவணை. மருத்துவர்கள் பட்டம் பெற்றபின் மேற்கொள்ளும் ஈராண்டு அடிப்படைப் பயிற்சியில் வழக்கமாக நான்கு மாதத்துக்கு ஒருமுறை துறை மாற வேண்டும். மருந்துச் சீட்டுப் பிழைகளைக் குறைக்க ஒருவர் தொடங்கிய திட்டம், அவர் போனதும் கைவிடப்படுவது சகஜம். பயிற்சிப் பதிவேட்டில் மட்டும் அது நிறைவுற்றதாக இருக்கும்.

பயிற்சி மருத்துவர்களின் பெயரும் மாறியிருக்கிறது: பத்தாண்டு அனுபவம் உள்ளவரையும் ‘ஜூனியர் டாக்டர்’ என்றழைத்த வழக்கம் 2024 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. இப்போது அவர்கள் ‘ரெசிடென்ட் டாக்டர்’.