பேஸ் பெட்டி பிறந்த கதை

அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில், பால் கிளிப்ஷ் 1946-ல் விற்பனைக்கு விட்ட ஸ்பீக்கருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். கிளிப்ஷ்ஹார்ன் என்று பெயர். நாலடிக்கு மேல் உயரம். முதுகு இரண்டு சுவர்களையும் ஒட்டி நிற்கிற மாதிரி ஆப்பு வடிவம். உள்ளே மடித்து மடித்து அமைத்த ஒரு மரக்குழல். அந்தக் குழலின் கடைசிப் பகுதி பெட்டிக்குள் கிடையாது, வீட்டுச் சுவர்கள்தான் அந்த வேலையைச் செய்யும். மூலையை விட்டு நகர்த்தினால் பேஸ், அதாவது அடிமட்ட ஒலி, போய்விடும். ஸ்பீக்கருக்குக் காசு கொடுத்ததோடு, வாங்கியவர் தன் வீட்டு மூலையையும் சேர்த்துக் கொடுத்தார். அந்த மாடல் இன்றைக்கும் விற்கிறது.

பேஸ் இத்தனை இடம் கேட்பதற்குக் காரணம் காற்று. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நொடிக்கு 1000 முறை அதிர்கிற ஒலியின் அலைநீளம் ஓரடிக்குச் சற்றே மேல். 20 முறை மட்டும் அதிர்ந்தால் அலையின் நீளம் 17 மீட்டர். கீழே போகப் போக ஸ்பீக்கரின் கோன் தள்ள வேண்டிய காற்றும் ஏறிக்கொண்டே போகும். 40 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 40 அதிர்வில், கேட்கிற அதே சத்தம் 20 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால், கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் பின்பக்கத்தை அடைத்துவைக்க ஒரு பெட்டி தேவை. பெட்டி சின்னதானால் உள்ளே அடைபட்ட காற்று கோனை அசைய விடாது. ஆக, நல்ல பேஸ் வேண்டுமா, ஃபிரிட்ஜ் அளவுக்குப் பெட்டி வாங்கு என்று 1950-கள் வரை எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

சமாதானம் ஆகாத ஒருவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிபெருக்கி பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அடைபட்ட காற்றோடு மல்லுக்கு நிற்பானேன், அதை வேலை வாங்கலாமே என்பது அவர் யோசனை. பேஸ் வாசிக்கிற ஸ்பீக்கரான வூஃபரின் கோனைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் விளிம்பு அந்தக் காலத்தில் விறைப்பாக இருக்கும். தள்ளப்பட்ட கோனைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் அதுதான். ஆனால் ஒழுங்கில்லாத ஸ்பிரிங். கோன் கொஞ்சம் அதிகம் நகர்ந்தாலே ஒலி கோணிப்போகும். வில்ச்சர் அந்த விளிம்பைத் தொளதொளவென்று தளர்த்தினார். பெட்டியைக் காற்றுப் போகாமல் மூடி, உள்ளே இருக்கிற காற்றையே ஸ்பிரிங் ஆக்கினார். முதல் மாதிரிக்கு விளிம்பு செய்தது பழைய மெத்தை உறைத் துணியில். மனைவி ரோஸ்மேரியின் கைவேலையும் அதில் உண்டு. பெரிய கம்பெனிகள் யோசனையைச் சீந்தவில்லை. வகுப்பில் உட்கார்ந்து கேட்ட மாணவர் ஹென்றி க்ளாஸ்தான் கூட்டாளியாக வந்தார். பாஸ்டனுக்குப் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் இருவரும் 1954-ல் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஏஆர்-1 என்ற அவர்களுடைய முதல் ஸ்பீக்கரில் 12 அங்குல வூஃபர். பெட்டியோ அலமாரித் தட்டில் உட்கார்கிற அளவு.

நாலு வருஷத்தில், 1958-ல், ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஒரு ஸ்பீக்கர் இருந்த வீட்டில் இரண்டு வைக்க வேண்டிய கட்டாயம். இரண்டு ஃபிரிட்ஜுக்கு எந்த ஹாலில் இடம் இருக்கும்? வில்ச்சரின் பெட்டி நல்ல நேரத்தில் பிறந்திருந்தது.

ஆனால் சும்மா கிடைத்த வரம் இல்லை அது. பெட்டி சுருங்கியது, பேஸ் ஆழம் போனது, கூடவே அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் பல மடங்கு சக்தி கொடுக்க வேண்டியதாயிற்று. இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஆன்டன் ஹாஃப்மன். க்ளாஸ் அடுத்துத் தொடங்கிய கேஎல்ஹெச் கம்பெனியின் பெயரில் கடைசி எழுத்து இவருடையது. புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மனின் மகன். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறையச் சத்தம்: இந்த மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் சேர்ந்து கிடைக்காது. ஹாஃப்மனின் இரும்பு விதி என்று துறையில் இதற்குப் பெயர். இன்றுவரை யாரும் இதை மீறவில்லை. மீறியதாக விளம்பரம் செய்தவர்கள் உண்டு.

சரி, இரண்டு ஸ்பீக்கரும் ஆளுக்கொரு பேஸ் சுமப்பானேன்? கிட்டத்தட்ட 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருகிற ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. அலை அவ்வளவு நீளம். அடிமட்டத்தை மட்டும் பிரித்து ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் அதை அறையின் எந்த ஓரத்திலும் வைக்கலாம், மற்ற ஸ்பீக்கர்கள் சின்னதாகிவிடும். கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோ ஊர்க்காரர் ரேமன் டோன்ஸ், ஸ்டீரியோவுக்குத் துணையாக இப்படியொரு தனிப் பேஸ் பெட்டிக்கு 1964-ல் காப்புரிமை வாங்கினார். 1968-ல் இன்ஃபினிட்டி கம்பெனி சர்வோ ஸ்டாட்டிக் என்ற ஸ்பீக்கரை 18 அங்குல வூஃபர் அடங்கிய தனிப் பெட்டியோடு கொண்டுவந்தது. மற்ற ஒலிகளுக்கு எலெக்ட்ரோஸ்டாட்டிக் பலகைகள். மெல்லிய சவ்வு அதிர்ந்து பாடுகிற வகை. குரலும் வயலினும் அதில் கேட்டால் வேறெதிலும் கேட்க மனம் வராது என்பார்கள். பேஸ்தான் வராது.

அந்தக் குறைதான் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வியாபாரத்தையே தொடக்கிவைத்தது. அங்கே உயர்ரக ஆடியோ கடை வைத்திருந்த ஜோனஸ் மில்லரிடம் எலெக்ட்ரோஸ்டாட்டிக் வாங்கிப் போனவர்கள், பணத்தைக் கொட்டியும் பேஸ் இல்லையே என்று குறைப்பட்டார்கள். அவர் கூட்டாளி கென் க்ரைசல், அந்தப் பலகைகளால் முடியாத அடிமட்டத்தை மட்டும் வாசிக்கிற ஒரு வூஃபரை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துச் செய்தார். 1973-ல் ஸ்டீலி டான் குழுவின் ‘ப்ரெட்ஸல் லாஜிக்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்துகொண்டிருந்த ஒலிப்பொறியாளர் ராஜர் நிக்கல்ஸ் அந்த மாதிரியை ஸ்டூடியோவுக்கே வரவழைத்தார். மில்லர் அண்ட் க்ரைசல், சுருக்கமாக எம் அண்ட் கே, அங்கிருந்து வளர்ந்தது. கவனியுங்கள், இதுவரை வந்தவர்கள் யாருக்கும் வீட்டை அதிரவைக்கும் எண்ணமே இல்லை. விட்டுப்போன ஒலியை நிரப்புவதுதான் குறி.

அதிர்வைக் கொண்டுவந்தது சினிமா. யூனிவர்சல் ஸ்டூடியோவின் ‘எர்த்க்வேக்’ 1974 நவம்பரில் வெளியானது. நிலநடுக்கக் காட்சிகளில் பார்வையாளருக்கு நாற்காலி நடுங்க வேண்டும் என்று சென்சரவுண்ட் என்றொரு ஏற்பாடு. செர்வின் வேகா போன்ற கம்பெனிகள் செய்த ராட்சதப் பேஸ் பெட்டிகளைத் தியேட்டருக்குள் அடுக்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த உறுமல் படச்சுருளில் பதியவே இல்லை. சுருளில் இருந்தது கட்டுப்பாட்டுக் குறி மட்டும். குறி வந்ததும் தியேட்டரில் வைத்திருந்த ஒரு கருவி உறுமலைத் தானே உண்டாக்கி ஆம்ப்ளிஃபயர்களுக்கு அனுப்பும். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழுமோ என்று பயந்து மேலே வலை கட்டிவிட்டார்கள். பக்கத்து அரங்கில் ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் பார்த்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள் என்றும் சொல்வார்கள். ‘மிட்வே’, ‘ரோலர்கோஸ்டர்’ என்று மேலும் சில படங்களோடு சென்சரவுண்ட் ஓய்ந்தது. பெட்டியைக் கொண்டுபோய் இறக்குகிற செலவைத் தியேட்டர்காரர்கள் எத்தனை படத்துக்குத் தாங்குவார்கள்?

சினிமா ஒலித் தொழில்நுட்பக் கம்பெனியான டால்பியின் ஆட்கள் அதே காரியத்தைச் செலவில்லாமல் முடித்தார்கள். 70 எம்எம் படங்களுக்காக முன்பே கட்டிய தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் ஐந்து ஸ்பீக்கர்கள் இருந்தன. அவற்றில் இரண்டு பெரும்பாலும் சும்மா கிடந்தன. 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தபோது அந்த இரண்டையும் பேஸுக்கு ஒதுக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து ‘அபோகாலிப்ஸ் நவ்’ படத்துக்காக ஒலிப்பொறியாளர் ஜான் மேயர் தனியாகவே சப்வூஃபர்கள், அதாவது அடிமட்டத்துக்கான பேஸ் பெட்டிகள், செய்துகொடுத்தார். 1987-ல் டிஜிட்டல் சினிமா ஒலிக்கு எத்தனை தடம் வேண்டும் என்று பொறியாளர் சங்கக் குழு ஒன்று விவாதித்தபோது, ஐந்து முழுத் தடமும் பேஸுக்கு ஒரு குட்டித் தடமும் போதும் என்றார் ஒலி நிபுணர் டாம்லின்சன் ஹோல்மன். அந்தக் குட்டித் தடத்துக்கு அவர் வைத்த எண்தான் புள்ளி ஒன்று. உண்மையில் 20,000 ஹெர்ட்ஸில் அது எடுத்துக்கொள்வது 120 ஹெர்ட்ஸ்தான். நூற்றில் ஒரு பங்குகூட வராது. 5.1 என்றால் வாயில் நுழைகிறது, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ டால்பி டிஜிட்டலில், 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ டிடிஎஸ் என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில். 1995-ல் லேசர்டிஸ்க் வழியாகவும் பிறகு டிவிடி வழியாகவும் 5.1 வீட்டுக்கு வந்தது. 1990-களின் நடுவில் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 11 அங்குலக் கனசதுரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, 2700 வாட் ஆம்ப்ளிஃபயரை உள்ளே திணித்திருப்பதாக அறிவித்தார். இரும்பு விதிக்கு முழுசாகக் கட்டுப்பட்ட பெட்டி அது. சின்னது, ஆழமானது, விலையைச் சக்தியில் கட்டுகிறது. நம் ஊர்க் கடைகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்த வாட் எண்ணும் இதுவும் ஒன்றல்ல. பிஎம்பிஓ கணக்குக்கு அர்த்தமே கிடையாது, அதைப் பார்த்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

நம் வீட்டுக்கு வரும்போது கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. இந்தப் பெட்டி வளர்ந்த அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். பேஸ் பட்டால் அவை லேசாக வளைந்து கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நம்முடையது செங்கல், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம். எதுவும் வளையாது, பேஸ் உள்ளேயே மோதித் திரும்பும். 16 அடிக்கு 11 அடி ஹால் என்று வையுங்கள். நீளவாக்கில் 35 ஹெர்ட்ஸும் அகலவாக்கில் 51 ஹெர்ட்ஸும் அறைக்குள் தேங்கி நின்றுகொள்ளும். சோபாவில் உட்கார்ந்தால் ஒரு சுரம் மட்டும் ‘பூம்’ என்று வீங்குகிறது, எழுந்து ரெண்டடி நகர்ந்தால் அது காணாமல் போகிறது. குற்றம் பெட்டி மேல் இல்லை. சப்வூஃபரை, சுருக்கமாகச் சப்பை, மாற்றினாலும் அந்த வீக்கம் அங்கேதான் இருக்கும்.

அதனால் வாங்கிய பிறகு செய்யவேண்டிய முதல் காரியம் இடம் பார்ப்பது. சப்பைத் தூக்கிச் சோபாவில், நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வையுங்கள். பேஸ் நடமாட்டம் உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய்க் கேளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் பிரிந்து கேட்கிறதோ அங்கே சப், நீங்கள் சோபாவில். சோதிக்க வெடிகுண்டுக் காட்சி உதவாது. வெடி எந்தப் பெட்டியிலும் வெடிதான். நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். தொப்பிப் பக்கத்தில் கையை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது நாதம் வழுக்கிக்கொண்டு ஏறும். சப்பும் மற்ற ஸ்பீக்கர்களும் வேலையைக் கைமாற்றிக்கொள்கிற இடம் கிட்டத்தட்ட அதுதான். அந்த வழுக்கல் முழுசாகக் கேட்டால் எல்லாம் சரி. வெறும் ‘தொம்’ மட்டும் கேட்டால் அந்தக் கைமாறும் இடத்தைக் குறிக்கிற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, பேஸ் லெவலைக் குறைத்துப் பாருங்கள்.

காற்று போய்வர ஓட்டை வைத்த பெட்டியா, மூடிய பெட்டியா என்ற சண்டை வேறு இருக்கிறது. ஓட்டையின் அளவைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டிருந்த காலத்தை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், பிறகு ரிச்சர்ட் ஸ்மாலின் கணக்குகளும் முடித்துவைத்தன. ஓட்டைப் பெட்டி அதே சக்திக்கு அதிகச் சத்தம் தரும், இடமும் அதிகம் கேட்கும். இறுக்கமான சிமென்ட் ஹாலில் சுவரே பேஸைத் தூக்கிக் கொடுப்பதால், எனக்கென்னவோ நம் வீடுகளுக்கு மூடிய பெட்டிதான் தோது என்று படுகிறது.

ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி, ஓர் அறைக்கு எத்தனை சப் வேண்டும் என்று 2002-ல் கணக்கிட்டு எழுதினார். நாலு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது நல்லது; எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு வைத்தாலே பெரும்பகுதி பலன் கிடைத்துவிடும்; நாலுக்கு மேல் வைப்பதில் லாபமில்லை. அதனால் 15 அங்குலத்தில் ஒன்று வாங்கப் பணம் வைத்திருக்கிறவர்கள் 10 அங்குலத்தில் இரண்டு வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் 30 ஹெர்ட்ஸ் வரையாவது ஒழுங்காக இறங்குகிற 12 அங்குல மூடிய பெட்டி போதும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் சப்பின் காலுக்கடியில் கனமான ரப்பர் திண்டு போட்டுக்கொள்ளுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் சப்பின் வால்யூமை மட்டும் தனியாகக் குறைத்துவிடுங்கள். பெட்டியின் பின்பக்கம் அதற்கென்றே தனித் திருகு வைத்திருக்கிறார்கள்.