பதிலி: விடை சொன்னது யார்?

சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலில் சத்தியம் செய்து வழக்குத் தீர்ப்பது நெடுநாள் மரபு. குற்றம் சாட்டப்பட்டவர் குளத்தில் மூழ்கியெழுந்து தாமே சந்நிதியில் நிற்க வேண்டும். பதிலாளுக்கு அங்கே இடமில்லை.

இணையமோ பதிலாளைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. 1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் வலை மாநாட்டில் ஆரி லூட்டோனென், கெவின் ஆல்டிஸ் இருவரும் ப்ராக்ஸியை விளக்கினர். அரணுக்குள் இருப்போருக்காக வெளியிலிருந்து பக்கங்களைக் கொணர்ந்த அது, அவற்றைச் சேமித்துவைத்து மூலச் சேவையகத்துக்குப் பதிலாகத் தானே விடையளிக்கவும் செய்தது. 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை, இடைநிற்கும் ப்ராக்ஸி ஒவ்வொன்றும் ‘வயா’ என்னும் தலைப்புவரியில் தன்னைக் குறிக்க வேண்டுமென விதித்தது.

1998இல் ஸ்டெஃபானோ மட்சோக்கி தொடங்கிய ஜேமீட்டர், பின்னர்த் தொலைக்கணினிகள் பலவற்றிலிருந்து ஒரே தளத்தின்மீது சுமையேற்றும் கருவியாக வளர்ந்தது. கட்டுப்படுத்தும் கணினியைத் தொடங்கும்போது தரும் ப்ராக்ஸி முகவரியும் போர்ட் எண்ணும் தொலைக்கணினிகளுக்குத் தாமாகச் செல்வதில்லை. ஒவ்வொன்றையும் அவற்றுடனேயே தொடங்க வேண்டும். ப்ராக்ஸி வழியாக மட்டுமே வெளியேற இயலும் இடத்தில் ஒரு கணினிக்கு அது விடுபட்டால், அதன் கோரிக்கைகள் மட்டும் தோற்கும். பழுது தளத்தினுடையதாகத் தோன்றும். இதைவிடத் தீங்கானது மறுதலை: சேமிப்பிலிருந்து ப்ராக்ஸி விடையளித்தால், சுமையே ஏறாத தளம் சுமை தாங்கியதாகப் பதிவாகும்.

திருமலைத் தரிசனச் சீட்டு இணையத்தில் திறக்கும் நிமிடத்தில் காத்திருப்போருக்கு அத்தகைய வெற்றி பயன்படாது. எண்ணை நம்புமுன் ‘வயா’ வரியையும் மூலச் சேவையகத்தின் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சோதனையின் சத்தியம்.