கமுந்திங் தடுப்பு முகாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தைப்பிங் நகரை அடுத்த கமுந்திங்கில் உள்ள தடுப்பு முகாம். 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் (இசா) கீழ் பிடிபட்டவர்கள் இங்கு அடைக்கப்பட்டனர். போலீஸ் காவல் 60 நாள். அதன்பின் உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் ஈராண்டு. அதை எத்தனை முறையும் நீட்டிக்க முடிந்தது. வழக்கு விசாரணை இருக்கவில்லை. இங்கே ஒரு பேனா போதுமாயிருந்தது.

1987 அக்டோபரில் ‘லாலாங் நடவடிக்கை’ என்ற பெயரில் நடந்த இசா கைதுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் கர்பால் சிங்கை 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்றம் விடுவித்தது. சில மணி நேரத்திலேயே போலீசார் அவரை மீண்டும் பிடித்துச் சென்றார்கள். இசாவில் 1989இல் செய்த திருத்தம், அமைச்சரின் ஆணையை நீதிமன்றம் ஆராயும் வாய்ப்பையும் பெரும்பாலும் அடைத்தது.

தமிழர் நினைவில் இம்முகாம், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் இயக்கத்தோடு பிணைந்தது. அவ்வியக்கம் நடத்திய 2007 நவம்பர் 25 கோலாலம்பூர் பேரணிக்குப்பின், டிசம்பரில் அதன் தலைவர்களான உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவர் இங்கு அடைக்கப்பட்டனர். மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார்.

இசா 2012இல் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த சொஸ்மா சட்டம், விசாரணைக்காக ஒருவரை 28 நாள் வரை காவலில் வைக்க இடமளிக்கிறது.