கொழும்பின் சைவக் கடைகளும் லொட்ஜ் காலமும்

கொழும்பில் 'சைவக் கடை' என்றால் தோசையும் வடையும் மரக்கறிச் சோறும் கிடைக்கும் சிறிய சாப்பாட்டுக்கடை. சிங்களவர்களும் அதே பெயரைச் சொல்லியே தேடி வருவார்கள். சுற்றுலாக் குறிப்புகள் பெரும்பாலும் காலிமுகத்திடலின் இறால் வடையோடு நின்றுவிடும். புறக்கோட்டை செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று போனால்தான் இந்தக் கடைகள் கண்ணில் படும்.

சில பெயர்கள் பலருக்கும் தெரிந்தவை: பம்பலப்பிட்டி காலி வீதியில் சரஸ்வதி லொட்ஜ், அதே பகுதியில் ஷ்ரபரி கார்டன்ஸில் பழைய வீடொன்றில் இயங்கும் கிரீன்லண்ட்ஸ், ஹவ்லொக் வீதியில் சாந்தி விகார், வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதியில் ஷண்முகாஸ். ஒடியல் கூழ் வேண்டுமென்றால் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் 'யாழ்' இருக்கிறது. ஆனால் அது சைவக் கடையல்ல. பெயர்ப்பலகை மங்கிப்போன இன்னும் பல கடைகளை அந்தந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் மட்டுமே அறிவார்கள்.

பழைய கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு உழுந்து வடையும் பருப்பு வடையும் வரும். எத்தனை சாப்பிட்டீர்களோ அத்தனைக்குத்தான் காசு. சாம்பாரும் சம்பலும் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். கை துடைக்க வெட்டிய பத்திரிகைத் துண்டு. மது கிடையாது. போயா தினத்தில் நகரத்தின் பார்கள் எல்லாம் பூட்டியிருக்க, இங்கே மேசை கிடைப்பது கஷ்டம்.

எங்களில் பலருக்கு இந்தக் கடைகள் பழக்கமானது ருசி தேடிப் போனதால் அல்ல. யுத்த காலத்தில் கடவுச்சீட்டுக்கும், விசாவுக்கும், தூதரக நேர்முகத்துக்கும், வைத்தியத்துக்கும் வந்தவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு நினைத்தவுடன் ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை. லொட்ஜ் அறையில் சமைக்க வசதி இருக்காது. மூன்று நேரமும் கடைதான். இருட்டினால் சுற்றிவளைப்புப் பயம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் முன்வீதிக்குப் போய் ஒரு பார்சல் இடியப்பம் வாங்குவதும் யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 'கொழும்பில் இருக்க உனக்கென்ன காரணம்' என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடவில்லை.

வெள்ளவத்தைச் சாப்பாட்டை 'யாழ்ப்பாணக் கைப்பக்குவம்' என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் இந்தக் கடைகள் பலவற்றில் கல்லில் தோசை வார்ப்பதும் மேசை துடைப்பதும் மலையகத்திலிருந்து வந்த இளைஞர்கள். கடை மாடியிலேயே படுத்து, விடிவதற்கு முன் எழும்பி வேலை தொடங்குபவர்கள். அவர்களும் தமிழர் என்பதால் அதே சுற்றிவளைப்புகளில் பிடிபட்டார்கள். தோட்டத்தில் பிறந்து அடையாள அட்டை எடுக்க முடியாதிருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். நாங்கள் லொட்ஜ் காலத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. வடக்கிலிருந்து வந்தவர்களில் பலர் மலையகத் தமிழரோடு முதன்முதலாக நெருங்கிப் பழகியது இந்த மேசைகளில்தான் என்று நினைக்கிறேன். பழகியது என்பதுகூட மிகையோ தெரியாது. 'தம்பி, இன்னொரு தோசை' என்பதற்கு மேல் பேச்சு எத்தனை தரம் போயிருக்கும்?

2022இல் எரிவாயு இல்லாமல் சிறிய கடைகள் பல மூடின. சில விறகுக்கு மாறின. திரும்பத் திறந்தவற்றில் விலை ஏறிவிட்டது, வடை சிறுத்துவிட்டது.

யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ்கள் இன்றும் இரவில் வெள்ளவத்தையிலிருந்து புறப்படுகின்றன. ஏறுவதற்கு முன் சாப்பிடுவதென்றால் கொஞ்சம் முந்திப் போங்கள். பஸ் நேரம் நெருங்க, பயணப் பைகளோடு வருபவர்களால் கடை நிறைந்துவிடும், இடியப்பமும் முடிந்திருக்கும்.